ராயபுரத்தில் கண்ணாடிக்கு அடியில் ஒரு கிணறு

ராயபுரத்தில் ஒரு சந்துக்காரர்களுடைய கிணற்றை ஒரு பணக்காரக் குடும்பம் திருடிவிட்டது. திருடியதன்மேல் தடிமனான கண்ணாடியைப் பதித்து, உள்ளே விளக்கு எரியவிட்டு, மேலே சாப்பாட்டு மேசையையும் போட்டிருக்கிறார்கள். முந்நூறு ரூபாய் கட்டினால் நீங்களும் போய் அந்தக் கண்ணாடியைச் சுற்றி நின்று வெங்காயப் பக்கோடா தின்றுவிட்டு வரலாம். நான் போய்த் தின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் வந்தால் பழைய சென்னையைச் சுற்றிக் காட்டுபவர்கள் முளைத்துவிடுகிறார்கள். மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் எல்லாம் தீர்ந்துபோய் இந்த வருடம் ராயபுரத்துக்கு வந்திருக்கிறார்கள். 'துறைமுகக் கிடங்குகள் வழியே ஒரு காலை நடை' என்று மின்னஞ்சல் வந்தது. கடைசியில் ஒரு பழைய கிடங்கை வீடாக மாற்றியிருப்பதையும் உள்ளே போய்ப் பார்க்கலாமாம். இந்த வலைப்பூவைப் படிக்கும் இரண்டு பேர் 'வடசென்னையில் பார்க்க ஏதாவது இருக்கிறதா' என்று முன்பே கேட்டிருந்தார்கள். கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பதில் சொல்லலாம் என்று பணம் கட்டினேன். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன் ராயபுரத்தைப் பார்க்க முந்நூறு ரூபாய் கொடுத்தான் என்று தெரிந்தால் வீட்டில் செருப்படி விழும். அதனால் வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் கடற்கரை வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் நாலு ரூபாய். பேசின் பாலத்தில் சிக்னலுக்காக நின்றதையும் சேர்த்து ராயபுரத்துக்கு இருபத்தைந்து நிமிடம். ஸ்டேஷன் கட்டடத்தைக் கட்டாயம் பாருங்கள். உயரமான தூண்கள் வைத்து, அரண்மனை கட்ட நினைத்தவன் மனசு மாறி ரயில் நிலையம் கட்டியதுபோல இருக்கும். நடைக்கு வந்தவர்கள் அங்கேதான் கூடியிருந்தார்கள். மொத்தம் பதினைந்து பேர் இருக்கலாம். ரயிலில் வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கமிருந்து காரில் வந்து, காரை எங்கே நிறுத்தினால் பத்திரமாக இருக்கும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழிகாட்டி கட்டடக்கலை படிக்கும் பெண். நல்ல பெண், வாங்கிய காசுக்குப் பேசினாள். ஒன்றரை கிலோமீட்டர் நடையில் அவள் காட்டிய கிடங்குகள் எல்லாம் எனக்குப் பார்த்துப் பழகிய சுவர்கள்தான். ஆனால் சுண்ணாம்புச் சாந்து எப்படி அரைத்தார்கள், பர்மா தேக்கு எப்படி வந்தது என்பதெல்லாம் புதிதாகத் தெரிந்துகொண்டேன். அவள் சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிடங்குகள் காலியானது வயசாகிப்போய் அல்ல. சரக்கெல்லாம் கண்டெய்னருக்குள் போய்விட்டது. பெட்டி கப்பலிலிருந்து இறங்கி நேரே லாரியில் ஏறிவிடுகிறது. அதை அவிழ்த்து மூட்டையை முதுகில் சுமந்து கிடங்கில் அடுக்க ஆள் வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கிடங்குகளில் மூட்டை தூக்கியவர்கள் இப்போது சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் அன்றாடக் கூலிக்கு நிற்கிறார்கள். காலியான கிடங்குகளை ஆபீஸாகவும், படம் பிடிக்கும் ஸ்டூடியோவாகவும், இப்போது வீடாகவும் மாற்றுகிறார்கள்.

அந்த வீட்டுக்கு எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்மண்டபம் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே போகிற தூரம். தெருப் பக்கம் லாரியே நுழையக்கூடிய பழைய இரும்புக் கதவு, அதில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட். பக்கத்தில் பேசினால் உள்ளே கேட்கிற பெட்டி ஒன்று. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், நாற்பது வயது இருக்கும். வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். என் செருப்பைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி இல்லை.

உள்ளே அழகாக இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. முப்பதடி உயரத்துக்கு ஒரே கூடம். இரும்புத் தூண்களைச் சுரண்டி எண்ணெய் பூசியிருக்கிறார்கள். மூட்டை ஏற்றிய கப்பி இன்னும் உத்தரத்தில் தொங்குகிறது, அதில் இப்போது ஒரு விளக்கு. கூடத்தில் பாதி உயரத்துக்கு மரத்தளம் போட்டு, மேலே படுக்கையறை. அதற்குப் பெயர் 'லாஃப்ட்' என்றாள் வழிகாட்டிப் பெண். எங்கள் ஊரில் அதற்குப் பரண் என்று பெயர். எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுப் பரணில் கைப்பிடி போன குக்கரும் பொங்கல் பானையும் இருக்கும். இவர்கள் கோடி ரூபாய் செலவு செய்து பரணில் படுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நூறு வருடம் மிளகாய்க் கிடங்காக இருந்த இடம். வெயில் ஏற ஏறச் சுவர் மிளகாய் நெடியைக் கக்குகிறது. ஒன்பது மணிக்கெல்லாம் நுங்கம்பாக்கத்து அம்மா ஒருவர் தும்ம ஆரம்பித்தார், பிறகு எல்லோரும் வரிசையாகத் தும்மினோம். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, அதுவும் இந்தக் கட்டடத்தின் பாரம்பரியம் என்றார். இந்த நெடியை முழுநாளும் மூக்கில் ஏற்றிக்கொண்டு மூட்டை சுமந்தவர்களைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

பிறகுதான் கிணற்றுக்குக் கூட்டிப்போனார்கள். முன்பு அது முற்றத்தில் இருந்ததாம். முற்றத்துக்கு இப்போது கூரை போட்டு அதைச் சாப்பாட்டு அறை ஆக்கியிருக்கிறார்கள். கிணற்றின் வாயில் கண்ணாடி, உள்ளே மஞ்சள் விளக்கு, செங்கல் வளையம் வளையமாக இறங்கி அடியில் தண்ணீர் அசைகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். மோட்டார் போட்டுத் தோட்டத்துத் தாமரைத் தொட்டியை இதில்தான் நிரப்புகிறார்களாம். கண்ணாடியைச் சுற்றி நின்றுதான் பக்கோடாவும் காபியும்.

கிணற்றுக்கு நேரே சுவரில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. இடுப்பில் கயிறும் உடம்பெல்லாம் சேறுமாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். நடுவில் நிற்பவர் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். வீடு வாங்கிய புதிதில் கிணறு தூர்ந்து கிடந்ததாகவும், பின்சந்தில் இருப்பவர்கள் வந்து தூர் வாரிக் கொடுத்ததாகவும் வழிகாட்டிப் பெண் சொன்னாள். கூலி கொடுக்கப்போனபோது ஒரு பைசாகூட வாங்க மாட்டோம் என்று கும்பிட்டுவிட்டார்களாம். படத்துக்குக் கீழேயும் அக்கம்பக்கத்தாரின் அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடையாற்றுக்காரர்கள் 'ஐயோ, எவ்வளவு நல்ல மனசு' என்று உருகினார்கள். எனக்கு இடித்தது. மூட்டை தூக்குகிறவன் ஒரு பணக்காரனுக்குச் சும்மா கிணறு இறங்க மாட்டான். எங்கப்பா இறங்க மாட்டார். நானும் இறங்க மாட்டேன்.

நடை அதோடு முடிந்தது. எல்லோரும் காரைத் தேடிப் போக, நான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். சுற்றிப் போக ஆறு நிமிடம் ஆகும். சந்தின் ஒரு பக்கம் முழுக்க அந்தக் கிடங்கின் பின்சுவர், இன்னொரு பக்கம் ஓட்டு வீடுகள். சுவரில் ஒரு பழைய மரக்கதவு இருந்த இடத்தைப் புதுச் செங்கல் வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. அதற்கு எதிரே ஓர் இட்லிக் கடை. இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, வரிசையாகப் பத்துப் பிளாஸ்டிக் குடம்.

கடைக்கார அக்கா பெயர் தேவகி. பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, நானா திருடினேன் என்று திருப்பிக் கேட்டார். நான் வியாசர்பாடி என்றதும் புட்பாலா பாக்சிங்கா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை, கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன் என்றேன். "அய்யே, வியாசர்பாடி மானத்தையே வாங்கிகினு கீறியே நைனா," என்றார். நான்கு இட்லி எட்டு ரூபாய். இட்லி கெட்டியாக இருந்தது. சாம்பாரில் பருப்பு வேகாமல் தனியாக நின்றது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"நல்லா இல்லன்னு தெரியும், மூஞ்ச அப்டி வெச்சிக்காத. பைப்புல வர்றது உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில எந்தப் பருப்பு வேவும்? அந்தாண்ட உள்ள கீது பாரு, அத்துல வெச்சா பஞ்சு மாதிரி வேவும். போய்ப் பாத்துட்டு தானே வர்ற? போட்டோவுல எங்கூட்டு ஆளு எப்டி கீறாரு? கைய கூப்பிகினு, சாமியார் மாதிரி."

கைகூப்பி நின்றவர் அவருடைய கணவர், ஏழுமலை மேஸ்திரி. அந்தக் கிடங்கின் மூட்டைக்காரர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். பெஞ்சின் அந்த முனையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பேப்பரை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். மிச்சத்தை இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். பெரும்பாலும் தேவகி அக்காதான் சொன்னார்.

கிடங்கு தெற்கத்தி அண்ணாச்சி ஒருவருடைய மண்டியாக இருந்த காலத்திலிருந்து ஒரு பழக்கம். பங்குனி கடைசியில், வெயில் முற்றுவதற்கு முன்னால், சந்து ஆண்கள் கிணற்றில் இறங்கித் தூர் வாருவார்கள். அதற்கு அண்ணாச்சியிடம் கூலி வாங்க மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் அவர் கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார்கள். தூர் வாரியவனுக்கு அந்த வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. தினமும் காலையில் பின்கதவு திறக்கும், சந்தே வந்து சேந்திக்கொண்டு போகும். கூலி வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, தண்ணீர் கேட்க முடியாது. சந்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

அண்ணாச்சி பிள்ளைகள் கிடங்கை விற்றார்கள். புது ஆள் வந்து கிணறு தூர் வார வேண்டும் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினார். சந்தே சந்தோஷப்பட்டது. கட்டடம் கைமாறினாலும் பழக்கம் மாறவில்லை, நம்மைத்தானே கூப்பிடுகிறார் என்று நினைத்தார்கள். சாத்தாங்காட்டுக் கூலியை விட்டுவிட்டு இரண்டு நாள் இறங்கிச் சேறு வாரினார்கள். முடிந்ததும் அவர் கவரை நீட்டினார். மேஸ்திரி பதறிப்போய்க் கும்பிட்டு, கூலி வேண்டாம் சார், எங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும் என்றார். அவர் நெகிழ்ந்துபோய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் பின்கதவில் செங்கல் ஏறியது.

"துட்டு வாங்கியிருந்தாக்கூட ரெண்டு நாளு கூலி மிஞ்சியிருக்கும். இந்த மகராசன் கும்பிடு போட்டுட்டு வந்து வூட்ல பெருமையா சொல்றாரு, 'தண்ணி நமக்குத்தாண்டி'ன்னு. ஆமா, நமக்குத்தான். கண்ணாடில தெரியுது," என்றார் தேவகி அக்கா.

மேஸ்திரி பேப்பருக்குப் பின்னால் இருந்தே பேசினார். "எத்தினி வருசமா அப்டித்தானே நடந்துது. அவுரு கேக்கல, நானும் சொல்லல. தெரியும்னு நெனச்சிட்டேன்."

கூலியை வாங்கக் கூடாது என்பது இந்தச் சந்துக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. தூர் வாரச் சொல்லி வியாசர்பாடிக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டிருந்தால் நாங்கள் வாங்கிக்கொண்டு வந்திருப்போம். இவர்களுக்குத் தண்ணீரின்மேல் உரிமை இருந்தது, அதனால் காசை மறுத்தார்கள். மறுத்ததை அன்பளிப்பு என்று எழுதி மாட்டிவிட்டு, அந்த வீட்டார் உரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கடைக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். டீக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறார் தேவகி அக்கா. இட்லிக்கும் சாம்பாருக்கும் வாங்கிக் கட்டுப்படியாகாது. இப்படியே போனால் தீபாவளியோடு அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணூர் பக்கம் மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான் என்றார். அங்கே போய் மருமகன் சோற்றைத் தின்பதற்குப் பதில் இந்தக் கிணற்றிலேயே விழுந்துவிடலாம், அதற்கும் கண்ணாடி குறுக்கே இருக்கிறது என்றார். பெஞ்சில் இருந்த லாரிக்காரர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப முன்வாசலுக்குப் போய் அந்தப் பெட்டியில் பேசினேன். வீட்டுக்காரர் உடனே வெளியே வந்தார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். உண்மையாகவே அவருக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கவில்லை. இந்த ஏற்பாடு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கிணற்றை வாங்கும்போது அதில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்க்கக் கண் போதாதா, எழுத்து வேண்டுமா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவர் உள்ளே போய், திரும்பி வந்து, என்னோடு சந்துக்கு நடந்து வந்தார். அங்கே வந்ததும்தான் அவர் கையில் ஒரு கவர் இருப்பதைப் பார்த்தேன்.

அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டியது, வட்டியோடு சேர்த்து வைத்திருக்கிறேன் என்று மேஸ்திரியிடம் நீட்டினார். சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த மாதம் வேலை சரியாக இல்லை என்று மேஸ்திரி சற்றுமுன்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் அந்தக் கவரைப் பார்த்தார், தேவகி அக்காவைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்த பையன்போல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கின, வூட்டுக்கு வராத," என்றார் தேவகி அக்கா, மேஸ்திரியிடம். பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, கண்ணாடியை எடுக்க வேண்டாம், விளக்கும் மேசையும் அங்கேயே இருக்கட்டும், மோட்டார்தான் இருக்கிறதே, இந்தச் சுவரில் ஒரு குழாய் வைத்து, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால் போதும் என்றார். அவ்வளவுதான் கேட்டார். கேட்கும்போது மரியாதையாகத்தான் கேட்டார், என்னைவிட மரியாதையாக. வீட்டுக்காரர் கட்டடக்கலைஞரிடம் பேச வேண்டும், ஒரு வாரம் கொடுங்கள் என்று சொல்லிக் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ராயபுரத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு விவரம். முந்நூறு ரூபாய் கட்டாதீர்கள். கடற்கரை மார்க்கத்து ரயிலில் வந்து ஸ்டேஷனைப் பாருங்கள், அங்கிருந்து கல்மண்டபம் வழியாக நடந்து காசிமேட்டுக்குப் போய் மீன் இறங்குவதைப் பாருங்கள். ஏழு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து வந்தால் பாரிமுனை பஸ் எல்லாம் இந்த வழிதான். ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய் கொடுங்கள், பத்து கேட்டால் இறங்கிவிடுங்கள். வெயிலுக்குத் தொப்பி, லாரிப் புழுதிக்குக் கைக்குட்டை. காலை நேரத்தில் கண்டெய்னர் லாரிகள் ஓரத்தைப் பார்க்காமல் திரும்பும், கவனம். இட்லி தேவகி அக்கா கடையில் சாப்பிடுங்கள். இன்றைக்கு நன்றாக இருக்காது, ஆனாலும் சாப்பிடுங்கள். கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செங்கல்லையும் தேக்கையும் கப்பியையும் மிளகாய் நெடியையும்கூடக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டடத்தைச் சுற்றி மனிதர்கள் ஒருவருக்கொருவர் நடந்துகொண்ட முறை ஒன்று இருந்தது, அதை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அது பாரம்பரியத்தில் சேராதா?

இதை எழுதி முடித்தும் பதிக்காமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். குழாய் வந்துவிட்டால் அதையும் எழுதலாம், வீட்டுக்காரரை இரண்டு வார்த்தை பாராட்டலாம் என்று நினைத்தேன். இன்று காலை மறுபடி போனேன். சுவர் அப்படியேதான் இருந்தது. தேவகி அக்கா கடையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு முன்வாசலுக்கு வந்தார். பெட்டியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கேட்டு, அவரே அமுக்கினார். உள்ளே யாரோ எடுத்த சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"சார், நான் பின்னாடி இட்லிக் கட தேவகி. வாரம் ஆயிடுச்சு. கொளா எப்ப வெக்கிற?"

பெட்டியில் மூச்சும் நின்றுவிட்டது. தேவகி அக்கா குடத்தை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பொத்தானை மறுபடியும் அமுக்கினார்.

"கொளா எப்ப சார் வெக்கிற?"